சார்லஸ் என்று பேரிட்ட குதிரை

பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு ராஜகுமாரனுக்கு ஞானஸ்நானம். பையன் பெயர் எதெல்ரெட். கொடுப்பவர் சாமானியப்பட்டவர் அல்ல. கேன்டர்பரி பேராயர் டன்ஸ்டன், பிற்பாடு புனிதர் பட்டமே வாங்கியவர். குழந்தையைத் தண்ணீரில் முக்கினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்ததோ என்னவோ, குழந்தை தன் காலைக்கடனைத் தொட்டிக்குள்ளேயே முடித்துவிட்டது. பேராயருக்கு முகம் கடுகடுத்தது. கடவுள்மேலும் கடவுளின் தாயார்மேலும் ஆணையிட்டு, இந்தப் பயல் உருப்படமாட்டான் என்று அங்கேயே சொல்லிவிட்டாராம்.

உருப்படவும் இல்லை. எதெல்ரெட் 978-ல் பட்டத்துக்கு வந்தான். டேனிஷ்காரர்கள் கப்பல் கட்டிக்கொண்டு கொள்ளையடிக்க வந்தார்கள். 991-ல் பத்தாயிரம் பவுண்டு எடைக்கு வெள்ளி கொடுத்து, போய்விடுங்கள் ஐயா என்று அனுப்பினார்கள். காசு கொடுத்தால் போகிறவன் மறுபடி வருவான் என்பது கந்துவட்டி வாங்கியவர்களுக்குத் தெரியும். எதெல்ரெட்டின் மந்திரிகளுக்குத் தெரியவில்லை. தொகை ஏறிக்கொண்டே போய், 1012-ல் 48,000 பவுண்டு. அடுத்த வருஷம் டேனிஷ் ராஜா ஸ்வேன் நாட்டையே எடுத்துக்கொண்டான். நம் ஆள் நார்மண்டிக்கு ஓடினான்.

இந்தத் தொட்டிக் கதையை எழுதிவைத்தவர் மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி. எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அதாவது சம்பவம் நடந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகி, ராஜா தோற்றது, ஓடியது, செத்தது எல்லாம் உறுதியான பிறகு. இவ்வளவு தகவலை வைத்துக்கொண்டு தீர்க்கதரிசனம் எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. போதாக்குறைக்குக் கதையும் பழைய சரக்கு. எட்டாம் நூற்றாண்டு பைசாந்தியப் பேரரசன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், சாமி படங்களை அகற்றச் சொன்னான் என்பதற்காக, அவன்மேலும் கிரேக்கத் துறவிகள் இதே புகாரைச் சுமத்தியிருந்தார்கள். 'மலப்பெயரன்' என்று அர்த்தம் வரும் பட்டப்பெயரையும் ஒட்டவைத்தார்கள். ராஜாவைப் பிடிக்கவில்லை என்றால் அவன் ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிறு எப்படி இருந்தது என்று விசாரிப்பது அந்தக் காலத்து வரலாற்று முறை.

எனக்கு எதெல்ரெட்மேல் அனுதாபம் இல்லை. டன்ஸ்டன்மேலும் இல்லை. அந்தத் தொட்டியைப் பற்றித்தான் கவலை. அதைக் கழுவியது யார் என்று வில்லியம் எழுதவில்லை. இங்கிலாந்தின் ஞானஸ்நானத் தொட்டிகளுக்கு அடுத்த ஆயிரம் வருஷத்தில் நடந்தவற்றைப் பார்த்தால், எதெல்ரெட் செய்தது மிகச் சாதாரணம்.

நம்மூர் சி.எஸ்.ஐ. கோயில்களில் இருக்கும் தொட்டியை வைத்து அந்தக் காலத்துத் தொட்டியை எடைபோடக் கூடாது. இப்போது மூன்று சொட்டுத் தெளித்து முடித்துவிடுகிறார்கள். அப்போது முழுக் குழந்தையும் உள்ளே போக வேண்டும். ஆகவே பெரிய கல்லைக் குடைந்து, தண்ணீர் கசியாமல் இருக்க உள்ளே ஈயத்தகடு அடித்து, அடியில் ஓட்டை போட்டிருப்பார்கள். இடம் கோயில் வாசலுக்குப் பக்கத்தில். ஞானஸ்நானம் ஆகாத ஜீவன் அதற்குமேல் உள்ளே வரக்கூடாது. அந்த வாசலிலேயே பாதிரியார் குழந்தையின் வாயில் உப்பு வைப்பார். காதிலும் மூக்கிலும் தம் எச்சிலைத் தொட்டுத் தடவுவார். பிசாசை விரட்டும் மந்திரம் சொல்வார். அப்புறம் தொட்டிக்குக் கொண்டுபோய் மூன்று முக்கு. குழந்தை வீறிட்டு அழுதால் பிசாசு வெளியேறுகிறது என்று உறவினர்களுக்குச் சந்தோஷம். அழாத குழந்தையைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பாதிரியார் நிதானத்தில் இருந்தால் இவ்வளவும் ஒழுங்காக நடக்கும். 1400-ஐ ஒட்டி ஜான் மர்க் என்பவர் கிராமத்துப் பாதிரியார்களுக்காகச் செய்யுளில் ஒரு கையேடு எழுதினார். நாக்கு குழறும் அளவுக்குக் குடித்திருந்தால் ஞானஸ்நானம் கொடுக்கப் போகாதே என்று அதில் ஒரு புத்திமதி இருக்கிறது. யாரும் செய்யாத தப்புக்கு யாரும் விதி எழுதுவதில்லை. 'நாக்கு குழறும் அளவுக்கு' என்று அளவு குறித்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஞானத்தகப்பன், ஞானத்தாய் விவகாரம் தனி. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குழந்தையை வாங்கிக்கொண்டவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ரத்த உறவைப் போன்ற உறவு ஏற்பட்டுவிட்டதாகச் சபைச் சட்டம் சொன்னது. ஞானப்பிள்ளையைக் கட்டக்கூடாது, ஞானப்பிள்ளையைப் பெற்றவளைக் கட்டக்கூடாது, ஞானத்தகப்பனின் சொந்தப் பிள்ளைகளும் ஞானப்பிள்ளையும் கட்டிக்கொள்ளக் கூடாது. சின்ன ஊரில் நாலு குழந்தைக்குக் கைநீட்டியவனுக்குப் பெண் கிடைப்பதே பாடு. இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் விவாகரத்து கிடையாது. ஆனால் உறவுமுறை சரியில்லை என்று நிரூபித்தால் கல்யாணமே செல்லாது. எனவே பெண்டாட்டி அலுத்துப்போன சிலருக்குத் திடீரென்று பழைய ஞாபகம் வரும்: அடடா, இவளுடைய முதல் புருஷனுக்குப் பிறந்த பையனுக்கு நான்தானே ஞானத்தகப்பன்! 1563-ல் கத்தோலிக்கச் சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் இந்தப் பட்டியலை வெட்டிச் சுருக்கியது.

இனி தண்ணீர். ஈஸ்டருக்கு முந்திய இரவிலும் பெந்தெகொஸ்தேக்கு முந்திய இரவிலும் தொட்டித் தண்ணீரை விசேஷமாக மந்திரிப்பார்கள். மெழுகுவத்தியை அதில் முக்குவார்கள், எண்ணெய் விடுவார்கள். இவ்வளவு சிரமப்பட்டுப் புனிதமாக்கிய தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? அப்படியே வைத்திருப்பார்கள். வருகிற குழந்தையெல்லாம் அதில்தான் முழுகும். 1549-ல் வந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், தொட்டித் தண்ணீரை மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இது சீர்திருத்தம்! அதற்கு முன்னால் நிலைமை என்ன என்று கற்பனை செய்ய விரும்புகிறவர்கள் சாப்பிடுமுன் செய்துகொள்வது நல்லது.

இந்தப் பாசித் தண்ணீரைத் திருடவும் ஆள் இருந்தார்கள். மந்திரித்த தண்ணீர் ஆயிற்றே. காய்ச்சலுக்கு, மாட்டுக்கு வந்த நோய்க்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வைக்க வேண்டிய சூனியத்துக்கு என்று தேவைகள் பல. கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் 1236-ல் ஓர் ஆணை போட்டார்: சூனியத்துக்குப் போகாமல் இருக்கத் தொட்டிகளை மூடிப் பூட்டிவைக்க வேண்டும். கல்லின் விளிம்பில் இரும்பு வளையம் அறைந்து, பலகை போட்டு, பூட்டுத் தொங்கியது. அந்த வளையத்தைப் பின்னால் பிடுங்கியபோது பெயர்ந்த விளிம்புகளை இன்றும் பல கோயில்களில் பார்க்கலாம். வெள்ளியைக் கப்பல் கப்பலாக டேனிஷ்காரர்களுக்கு அள்ளிக்கொடுத்த தேசம் இது. தண்ணீருக்குப் பூட்டுப் போட்டது.

பூட்டுவதற்கு மூடி வேண்டும். மூடி என்று வந்துவிட்டால் அடுத்த ஊர் மூடியைவிட நம் ஊர் மூடி உசத்தியாக இருக்க வேண்டும். சஃபோக் மாவட்டத்தில் அஃபர்ட் என்ற கிராமம். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே தொட்டிக்கு ஒரு மூடி செய்தார்கள். உயரம் 18 அடி. மரத்தில் கோபுரம் கோபுரமாகச் செதுக்கி, உச்சியில் தன் மார்பைத் தானே கொத்தும் பெலிக்கன் பறவையை உட்காரவைத்தார்கள். கீழ் அடுக்கை அப்படியே மேலே தள்ளினால் மேல் அடுக்கின்மேல் ஏறிக்கொள்ளும், குழந்தைக்கு வழி கிடைக்கும். திருட்டைத் தடுக்கப் போட்ட பலகை இரண்டு நூற்றாண்டில் இங்கே வந்து நின்றது. இந்த மூடியைச் செய்தவர்களுக்குத் தொட்டி ஒரு சாக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

பதினாறாம் நூற்றாண்டில் போப்பாண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கிலாந்து தனிக்குடித்தனம் போனது. தொட்டிகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பம். ப்யூரிட்டன்கள் என்ற தூய்மைவாதிகளுக்குப் பழைய கல்லைக் கண்டாலே போப்பாண்டவர் ஞாபகம் வந்தது. சும்மா ஒரு கிண்ணம் போதாதா என்றார்கள். தொட்டியைப் பெயர்க்கக் கூடாது, கிண்ணம் வைக்கக் கூடாது என்று எலிசபெத் ராணி காலத்தில் 1561-ல் உத்தரவு. ஒவ்வொரு கோயிலிலும் கல்தொட்டி இருந்தே தீர வேண்டும் என்று 1604-ல் இன்னொரு சபைச் சட்டம். ஒரே விஷயத்துக்கு இரண்டு உத்தரவு வந்தால் முதல் உத்தரவை யாரும் மதிக்கவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில் லாஸ்ட்விதியல் வருகிறது. கார்ன்வால் பிரதேசத்தில், ஃபோவி நதிக்கரையில் உள்ள சின்ன ஊர். தகரத்துக்கு மதிப்பு இருந்த நாளில் செழித்திருந்தது. அங்கே புனித பர்த்தலோமேயு கோயிலில் பதினான்காம் நூற்றாண்டுத் தொட்டி ஒன்று உண்டு. எட்டுப் பட்டை. சிலுவையில் தொங்கும் இயேசு ஒரு பக்கம். அது சரி. இன்னொரு பக்கம் கையில் வல்லூறோடு குதிரையில் போகும் வேட்டைக்காரன். நாய் ஒன்று முயலைக் கவ்வுகிறது. குழந்தையைக் கிறிஸ்தவனாக்கும் இடத்தில் முயல் வேட்டைக்கு என்ன வேலை? முயல் என்பது ஆத்மா, நாய் என்பது பிசாசு என்று விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். காசு கொடுத்த பண்ணையாருக்கு வேட்டை பிடிக்கும் என்பதைவிட அதிகமாக இதில் தத்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எப்படியோ, கல்லில் ஒரு குதிரை ஏறிவிட்டது. நிஜக் குதிரை வர இன்னும் முந்நூறு வருஷம் பாக்கி.

1644. முதலாம் சார்லஸ் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். பாராளுமன்றத் தளபதி எஸ்ஸெக்ஸ் பிரபு யாரோ கொடுத்த யோசனையைக் கேட்டுக் கார்ன்வாலுக்குள் படையைக் கொண்டுபோனார். கார்ன்வால் ஜனங்களோ ராஜா கட்சி. போன வழியை ராஜாவே நேரில் வந்து அடைத்துவிட்டார். முன்னால் கடல், பின்னால் ராஜா, நடுவில் லாஸ்ட்விதியலில் பசியோடு ஒரு பட்டாளம். வேலையில்லாத சிப்பாய்கள் கூடிய இடத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு குதிரையைக் கோயிலுக்குள் ஓட்டிவந்து, தொட்டியண்டை நிறுத்தி, முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயர்: சார்லஸ். ராஜாவை அவமானப்படுத்துகிறார்களாம்.

ராஜா படையில் இருந்த ரிச்சர்ட் சைமண்ட்ஸ் இதைத் தம் நாட்குறிப்பில் கொதித்துப்போய் எழுதிவைத்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர் எழுதியது என்பதால் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் காரியத்தில் உள்ள தமாஷை அவர் கவனிக்கவில்லை. இந்தச் சிப்பாய்கள் யார்? கல்தொட்டியில் ஒரு மகிமையும் இல்லை, அது வெறும் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள். மகிமை இல்லாத தொட்டியில் குதிரையைக் குளிப்பாட்டினால் அது குதிரையைக் குளிப்பாட்டியது மட்டும்தான். அவமானம் எங்கிருந்து வரும்? அது அவமானமாக வேண்டுமானால் தொட்டியில் ஏதோ இருந்தாக வேண்டும். ஆக அன்றைக்கு அந்தக் கோயிலில் தொட்டியை மனதார நம்பியவர்கள் அதைக் கேலி செய்ய வந்த சிப்பாய்கள்தாம். குதிரை அனேகமாகத் தண்ணீரைக் குடிக்கப் பார்த்திருக்கும்.

அதே கோயிலில் ராஜா கட்சிக் கைதிகளையும் அடைத்துவைத்திருந்தார்கள். அதில் கார்ன்வால் பணக்காரர்கள் இரண்டு பேர் மணிக்கோபுரத்தில் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி சிறைக்காவல் அதிகாரியை நக்கலடித்தார்கள். அதிகாரிக்கு ரோஷம் வந்தது. கீழே வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார், இறங்கவில்லை. துப்பாக்கியால் மேலே சுட்டார்கள்; இறங்கவில்லை. கடைசியில் ஒரு பீப்பாய் வெடிமருந்தைக் கொண்டுவந்து வைத்துத் திரி கிள்ளினார். கோயில் கூரையின் பலகைக்கற்கள் பெரும்பாலும் பறந்தன. மேலே இருந்த இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று சைமண்ட்ஸ் எழுதுகிறார். கீழே இருந்த தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 31 விடியற்காலையில் பாராளுமன்றக் குதிரைப்படை இருட்டோடு இருட்டாக ராஜாவின் காவலைத் தாண்டித் தப்பியது. எஸ்ஸெக்ஸ் பிரபு மீன்பிடி படகில் ஏறிப் பிளிமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். குதிரையும் இல்லாமல் படகும் இல்லாமல் மிஞ்சிய காலாட்படை, சுமார் ஆறாயிரம் பேர், செப்டம்பர் 2-ஆம் தேதி ஆயுதத்தைப் போட்டது. சார்லஸ் என்ற குதிரை தப்பியவற்றோடு தப்பியிருந்தால், பெயர் கொடுத்தவரைவிட அதிர்ஷ்டசாலி. அவருக்கு 1649 ஜனவரியில் தலை போய்விட்டது.

அதே ஆகஸ்ட் 31. நாட்டின் மறுகோடியில், 18 அடி மூடி வைத்த அஃபர்ட் கிராமத்தில் வில்லியம் டவ்ஸிங் வந்து நிற்கிறார். கோயில் கோயிலாகப் போய்ச் சிலை, படம், கண்ணாடி ஓவியம் எல்லாவற்றையும் உடைக்கப் பாராளுமன்றத் தரப்பு நியமித்த அதிகாரி. உடைத்ததற்குக் கூலியாக 6 ஷில்லிங் 8 பென்ஸை அந்தந்தக் கோயிலிடமே வசூலிப்பார். அஃபர்டுக்கு ஜனவரியிலேயே வந்து, கொஞ்சம் உடைத்துவிட்டு, மீதியை நீங்களே உடையுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊர்க்காரர்கள் ஒன்றும் செய்யவில்லை. இப்போது திரும்பி வந்தவரைச் சாவி தராமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிறுத்திவைத்தார்கள். ஒருவழியாக உள்ளே போனவர் மூடியைப் பார்த்தார். போப்பாண்டவரின் மூன்றடுக்குக் கிரீடம்போல, பொன்பூசி, பெலிக்கனோடு எத்தனை ஜோர் என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். போப்பாண்டவர் பெயரைச் சொல்வது அவர் அகராதியில் மரண தண்டனைக்குச் சமம். ஆனாலும் மூடி பிழைத்தது, இன்றும் நிற்கிறது. உடைக்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதப்போய்விட்டார். டவ்ஸிங்கை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது அந்தக் குறிப்பால்தான்.

1645-ல் பாராளுமன்றம் புது வழிபாட்டு முறையைக் கொண்டுவந்தது. போப்பாண்டவர் காலத்தில் மூடநம்பிக்கையோடு தொட்டி வைத்த இடங்களில் இனி ஞானஸ்நானம் கூடாது. சபையார் முன்னால் கொடுக்க வேண்டும். கிண்ணம் ஜெயித்துவிட்டது. பல ஊர்களில் தொட்டியைப் பெயர்த்து வெளியே உருட்டினார்கள். உருட்டியாகிவிட்டது, அப்புறம்? கனமான கல், நடுவில் குழி, தண்ணீர் நிற்கும், ஓட்டையை அடைத்தால் சொட்டாது. இப்படி ஒன்று தெருவில் கிடந்தால் மாடு வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? போப்பாண்டவரா தூய்மைவாதியா என்ற கேள்வி அவனுக்கு இல்லை. வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுநீர்த் தொட்டியாக்கினான். அவன் பெண்டாட்டி துணி துவைத்தாள். பேரன் அதில் பூச்செடி வைத்தான்.

1660-ல் ராஜா வம்சம் திரும்பி வந்தது. கோயில்களுக்கு மறுபடி தொட்டி தேவைப்பட்டது. பழையதைத் தேடிப் போகச் சோம்பல்பட்டவர்கள் புதுசு செய்து அதில் வருஷத்தையும் வெட்டிக்கொண்டார்கள். 1660-களின் தேதி போட்ட தொட்டிகள் அந்த நாட்டில் நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான்.

க்ளாஸ்டர்ஷயரில், செவர்ன் நதிக்கரையில் டியர்ஹர்ஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் தொட்டி ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது, எதெல்ரெட்டுக்கும் மூத்தது. உடம்பெல்லாம் சுருள் சுருளாகச் செதுக்கல், நாட்டில் எஞ்சிய சாக்ஸன் தொட்டிகளில் இதற்கு நிகர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் கிண்ணம் கிடைத்தது ஒரு பண்ணை வீட்டில், தொட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. தண்டு கிடைத்தது நதிக்கரையில் ஒரு தோட்டத்தில். 1870-ஐ ஒட்டி இரண்டையும் சேர்த்துக் கோயிலில் நிறுத்தினார்கள்.

கோயிலுக்குள்ளேயே பத்திரமாக இருந்த தொட்டிகளின் கதியைப் பாருங்கள். நார்ஃபோக், சஃபோக் பக்கம் ஏழு திருவருட்சாதனங்களையும் எட்டுப் பட்டையில் செதுக்கிய தொட்டிகள் நாற்பது வரை உண்டு. பலவற்றில் ஒரு முகம் மிச்சமில்லை; மூக்கு, கை, தலை எல்லாம் உளியால் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். செய்தவர்கள் பக்திமான்கள். டியர்ஹர்ஸ்டில் பண்ணை வீட்டு வேலைக்கு உழைத்த கல்லில் சுருள்கள் இன்னமும் தெளிவாக இருக்கின்றன. பழம்பொருள் பாதுகாப்புக்கென்று யாராவது விருது வைத்தால் முதல் விருதை அந்தப் பண்ணைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக டோர்செட்டில் உள்ள மெல்பரி பப். ஊர்ப்பெயர் நிஜம்தான். அங்கே தொட்டியைச் சுற்றி மானும் சிங்கமும் வேறு மிருகங்களும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடுகின்றன. எல்லாம் தலைகீழாக. காலெல்லாம் மேலே, முதுகெல்லாம் கீழே. காரணம் தத்துவமும் இல்லை, சூனியமும் இல்லை. அது முதலில் ஒரு சாக்ஸன் கல்சிலுவையின் தண்டு. பின்னால் வந்த யாரோ ஒரு கொத்தனார் அதில் தடித்த பக்கம் மேலே வரும்படி கவிழ்த்துவைத்துக் குடைந்துவிட்டார். எத்தனையோ பேராயர்கள், அரசர்கள், தூய்மைவாதிகள் வந்துபோனார்கள். ஒருவரும் அதை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தவும் முடியாது, தண்ணீர் கொட்டிவிடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் குனிந்து கழுத்தைத் திருகிப் பார்க்க வேண்டாம். செல்போனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.